சித்தம் என்கிற இடம் வரைக்கும்

பரமண்டல ஜெபத்தை மறுபடியும் முதலிலிருந்து தொடங்குகிறேன், பிதாவைக் கூப்பிட்டாயிற்று, நாமத்தைச் சொல்லியாயிற்று, ராஜ்யம் வரட்டும் என்றும் கேட்டாயிற்று, அடுத்து சித்தம் என்கிற சொல் வருகிறது, அங்கே நாக்கு நின்றுவிடுகிறது. காலையிலிருந்து இப்படித்தான். பேச்சு வந்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிற ஜெபம், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் நிற்காமல் சொல்வேன், ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எல்லோரோடும் சேர்ந்து சொல்லும்போது பாதி நேரம் மனசு பஸ் டெப்போவில் இருக்கும், வாய் தன்பாட்டுக்கு ஆமென் வரைக்கும் போய்ச் சேர்ந்துவிடும். இன்றைக்கு வாய் போக மாட்டேன் என்கிறது. அந்தக் கதவுக்குப் பின்னால் சுகிர்தத்தின் தலையைத் திறந்திருக்கிறார்கள். உம் இஷ்டப்படியே ஆகட்டும் என்று அவள் புருஷனாகிய நானே சொல்லிவிட்டால், சரி, நீயே சொல்லிவிட்டாய் என்று அவர் அவளை எடுத்துக்கொண்டுவிட்டால். ஆண்டவர் அப்படிப்பட்டவர் இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் நாக்கு நிற்கிறது. காலையில் அந்த டாக்டரம்மா நின்றபடியே சொன்னாள், மகளாக இருக்கக்கூடிய வயசு, எங்களுக்குப் பிள்ளை இல்லை, இருந்திருந்தால் அவளும் இப்படிக் கண்ணாடி போட்டுக்கொண்டு வேகமாகப் பேசுவாளோ என்னவோ. மூளைக்குள்ள ரத்தக்குழாய் வெடிச்சிருக்குய்யா, ரத்தம் கட்டி அழுத்துது, எடுக்காம விட்டா இன்னைக்குத் தாண்டாது. எடுத்தா என்று கேட்டேன். எடுத்தாலும் ஒண்ணும் சொல்ல முடியாது, பிழைச்சாலும் பேச்சு வருமா, நடப்பாங்களா, உங்களைத் தெரியுமா, எதையும் இப்ப சொல்ல முடியாது என்றாள். காட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டேன், தேவஇரக்கம் என்று முழுப்பெயரையும் எழுதினேன், எழுதும்போதே இந்தப் பெயரை எனக்கு வைத்தவர்கள் எதை நினைத்து வைத்தார்களோ என்று ஓடியது, அதற்குள் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். போகும்போது அவள் கால் ஒன்று துணிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மூடிவிட வேண்டும் என்று எட்டிப் பிடிப்பதற்குள் கதவு சாத்திக்கொண்டது.

அந்தக் கால் குளிருமே. தியேட்டருக்குள் ஏசி போட்டிருப்பார்கள், அவளுக்கு மார்கழியில் மின்விசிறியே ஆகாது, நான் போட்டால் அவள் அணைப்பாள், அவள் தூங்கினதும் நான் எழுந்து போடுவேன். இங்கே வெளியே புழுக்கம். பினாயில் வாடையும் யாரோ பிரித்து வைத்த இட்லிப் பொட்டலத்துச் சாம்பார் வாடையும் சேர்ந்து அடிக்கிறது. இரும்பு நாற்காலிகளை ஒன்றோடொன்று முடுக்கி வைத்திருக்கிறார்கள், அந்தக் கடைசியில் யாராவது எழுந்தால் இங்கே எனக்கு ஆடுகிறது, ஆடும்போதெல்லாம் கதவுதான் திறந்துவிட்டதோ என்று நெஞ்சு ஒருமுறை விழுந்து எழும்புகிறது. கதவு திறந்தால் ஆள் வெளியே வந்து பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறான், வேறு யாருடைய பெயரோ, அப்பாடா என்று இருக்கிறது, உடனே அந்த அப்பாடாவுக்காக வெட்கமாக இருக்கிறது. கைகளை என்ன செய்வது என்று தெரியவில்லை. சர்வீஸ் முழுக்க ஸ்டியரிங் பிடித்த கை. ஒருதடவை மலைப்பாதையில் இறங்கும்போது பிரேக் போய்விட்டது, மிதிக்கிறேன், மிதி தரையோடு போய் ஒட்டிக்கொள்கிறது, வண்டி நிறைய எஸ்டேட் ஜனம், பெண்களும் பிள்ளைகளும், கீழே பள்ளம். ஏசுவே என்று ஒரு வார்த்தைதான் வந்தது, ஜெபம் என்று சொன்னால் அதுதான், ஆனால் கை அதுபாட்டுக்குக் கியரை இறக்கிக்கொண்டே வந்தது, பாறைப் பக்கமாக உரசி உரசிக் கொண்டுவந்து நிறுத்திவிட்டேன். ஆண்டவர் நிறுத்தினார் என்று சுகிர்தம் சொன்னாள், நான் ஆமாம் என்றேன், மனசுக்குள் என் கையும் கூட இருந்தது என்று ஒரு ஓரத்தில் வைத்திருந்தேன். இன்றைக்குக் கைக்கு ஒன்றும் இல்லை. இறக்குவதற்குக் கியர் இல்லை, உரசுவதற்குப் பாறை இல்லை. வண்டி இறங்கிக்கொண்டே இருக்கிறது, நான் பின் சீட்டில் உட்கார்ந்திருக்கிறேன், வண்டியை ஓட்டுவது யார் என்று கூட எனக்குத் தெரியவில்லை, அவருடைய முகத்தை நான் பார்த்ததில்லை. அவர்மேல்தான் காலமெல்லாம் விசுவாசம் வைத்திருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தேனா.

மறுபடியும் முதலிலிருந்து. பிதா, நாமம், ராஜ்யம். நிற்கிறது. சுகிர்தத்துக்கு இந்தக் கஷ்டமெல்லாம் இல்லை. அவள் ஜெபிக்கிறாளா பேசுகிறாளா என்றே தெரியாது, மீன் கழுவிக்கொண்டே பேசுவாள், ஆண்டவரே இந்த மனுஷனுக்குக் கோபத்தைக் குறையும், இந்தப் பூனையை அந்தப் பக்கம் கொண்டுபோம் என்று ஒரே மூச்சில் ரெண்டையும் கேட்பாள். நேற்றைக்கும் அடுக்களையில் அப்படித்தான் என்னவோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். ஜன்னலைச் சாத்துங்க, வெளிச்சம் குத்துது என்றாள். எழுந்து போய்ச் சாத்தினேன். திரும்பினால் சுவரோடு சாய்ந்து மெதுவாக உட்கார்ந்துகொண்டிருக்கிறாள், உட்காருவது மாதிரியே இல்லை, நனைந்த துணி கொடியிலிருந்து நழுவுவது மாதிரி. தலைக்குள்ள என்னமோ உடைஞ்ச மாதிரி இருக்கு என்றாள். ஏளா என்றேன். என்னைப் பார்த்தாள், பார்த்தாளா, என் பக்கம் கண் இருந்தது, அவ்வளவுதான் சொல்ல முடியும். அதற்குப் பிறகு வாந்தி, ஆட்டோ, ஆம்புலன்ஸ், பெரியாஸ்பத்திரி. ஜன்னலைச் சாத்துங்க என்பதுதான் கடைசிப் பேச்சாகிவிடுமோ. கல்யாணமான நாளிலிருந்து அவள் எத்தனையோ பேசியிருக்கிறாள், எல்லாம் போய் ஜன்னலைச் சாத்துங்க என்பது மட்டும் காதுக்குள் நிற்குமோ. பேச்சு வருமா தெரியாது என்று டாக்டரம்மா சொன்னாளே. பேச்சில்லாத சுகிர்தத்தை நினைத்துப் பார்க்கப் பார்க்கிறேன், முடியவில்லை, வேறு யாரோ ஒருத்தி வந்து எங்கள் வீட்டுக் கட்டிலில் படுத்திருப்பது மாதிரி இருக்கிறது. வந்தாலும் பரவாயில்லை, அந்த வேறு ஒருத்தியாவது வரட்டும், சோறு ஊட்டுகிறேன், குளிப்பாட்டுகிறேன். இதைத்தான் ஜெபம் என்று சொல்வார்களோ, இல்லை, இது பேரம், சந்தையில் நிற்கிறவன் பேசுகிற பேச்சு.

பக்கத்து நாற்காலியில் ஒரு பெண் காலையிலிருந்து முந்தானை நுனியை முறுக்குவதும் விடுவதுமாக இருந்தாள். என் மடியிலிருந்த வேதப்புத்தகத்தை ரொம்ப நேரம் பார்த்திருப்பாள் போல. அய்யா நீங்க வேதக்காரரா என்று கேட்டாள். ஆமா என்றேன். எங்க வீட்டுக்காரரும் உள்ளதான் இருக்காவ, கட்டட வேலைல சாரம் சரிஞ்சி விழுந்துட்டாவ, இசக்கிமுத்துன்னு பேரு, உங்க ஆளுக்குச் சொல்லும்போது எங்க ஆளையும் சேர்த்துச் சொல்லுங்கய்யா என்றாள். சொல்லுதேம்மா என்றேன். அவள் கும்பிட்டாள். அவள் கும்பிட்டது எனக்குத் தாங்கவில்லை. என்னிடம் கொட்டிக் கிடக்கிறது, அள்ளிக் கொடுப்பேன் என்று நினைத்துக் கேட்கிறாள், இங்கே பானை காலியாகக் கவிழ்ந்து கிடக்கிறது என்பதை எப்படிச் சொல்ல. காலையில் குருவானவர் வந்து, தலையில் கைவைத்து, அழகாக ஜெபித்துவிட்டுப் போனார், நல்ல மனுஷர், ஒவ்வொரு வார்த்தையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னார், நான் அவருடைய செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன், ஒரு வார் பிய்ந்து ஊக்கு குத்தியிருந்தது. ஆமென் சொல்ல வேண்டிய இடத்தில் சொன்னேனா இல்லையா என்று கூட ஞாபகமில்லை. பிறகு ஊரிலிருந்து தங்கபுஷ்பம் போன் பண்ணினாள், பெண்கள் ஐக்கியத்துக்கு அவள்தான் செயலாளர். அண்ணாச்சி, விடிஞ்சதுலேருந்து எல்லாரும் கோயில்லதான் இருக்கோம், யாரும் பச்சத் தண்ணி குடிக்கல, சுகிர்தக்காவ எழுப்பித் தராம நாங்க எழும்ப மாட்டோம்னு ஆண்டவர்ட்டச் சொல்லியாச்சு, நீங்க தைரியமா இருங்க என்றாள். பின்னால் பல குரல்கள் கேட்டன, அழுகையா பாட்டா தெரியவில்லை. அவர்கள் எல்லோரும் முழங்காலில் நிற்கிறார்கள். நான் அவளுடைய புருஷன், நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன், ஒரு வரியைத் தாண்ட முடியாமல்.

இந்நேரம் மனுவேலுக்கு யாராவது சொல்லியிருப்பார்கள். என் தம்பிதான். வந்துவிடக் கூடாதே என்று இருக்கிறது, வராமலே இருந்துவிடுவானோ என்றும் இருக்கிறது. சுகிர்தம் கல்யாணமாகி வரும்போது அவன் பள்ளிக்கூடத்துப் பையன், அவள்தான் அவனுக்குத் தலை பின்னிவிடாத குறை, முதல் உருண்டை அவனுக்கு, மீன் நடுத்துண்டு அவனுக்கு, மைனி மைனி என்று அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு திரிந்தவன். பெரியவனாகி பெந்தெகொஸ்தே சபைக்குப் போனான், போகட்டும், கும்பிடுவது ஒரே ஆண்டவரைத்தானே என்று இருந்தேன். அம்மா கடைசிக் காலத்தில் அவன் வீட்டில் இருந்தாள். அந்த வயசில் அவளைக் கிணற்றுத் தொட்டியில் இறக்கி முழுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள், எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. இறந்தபோது அவர்கள் சபைக் கல்லறையில் கொண்டுபோய் வைத்துவிட்டான். எங்கள் கல்லறைத் தோட்டத்தில் அப்பா பக்கத்தில் அம்மாவுக்கென்று விட்ட இடம் இன்றைக்கும் புல் முளைத்துக் கிடக்கிறது. கோயில் மணி கூட அடிக்கவில்லை அவளுக்கு. அதற்குப் பிறகு அவனோடு பேச்சில்லை, ரோட்டில் பார்த்தால் நான் ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். சுகிர்தம் மட்டும் என்னைக் கேட்காமல் போவாள், வருவாள். அவர்கள் கிறிஸ்துமஸ் கொண்டாடுவதில்லை, அதனால் இவள் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் முந்திரிக்கொத்து சுட்டுத் தூக்குவாளி நிறையக் கொண்டுபோய், இது பண்டிகைப் பலகாரம் இல்ல, சும்மா சுட்டது, தின்னுங்க என்று வைத்துவிட்டு வருவாள். எதுக்கு அங்கே போறே என்று கேட்டால், நான் அம்மா எங்க கிடக்கான்னு பார்க்கப் போறேனா, பிள்ளை சாப்பிட்டானான்னு பார்க்கப் போறேன் என்பாள். அவன் வந்தால் சத்தம் போட்டு ஜெபிப்பான். அவன் ஜெபித்தால் தெரு முழுக்கக் கேட்கும், வியாதிக்காரர்கள் தலையில் கைவைத்து அந்நிய பாஷையில் இரைவான், வெளியூரிலிருந்தெல்லாம் கூப்பிட்டுப் போகிறார்கள். இந்த ஹாலில் அத்தனை பேருக்கு முன்னால் கையைத் தூக்கிக்கொண்டு இரைந்தால் நான் எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது. அப்படி இரைந்தாலாவது ஆண்டவருக்குக் கேட்குமோ. நான் சத்தமில்லாமல் வாழ்ந்தவன், என் சத்தம் அவருக்குப் பழக்கமில்லாமல் போயிருக்குமோ.

படிக்கட்டுப் பக்கமாக வெள்ளைச் சட்டை தெரிந்தது. மனுவேல்தான். நரைத்துவிட்டான், எப்போது இவ்வளவு நரைத்தான். சுற்றிலும் பார்த்தான், என்னைக் கண்டுகொண்டான், நேராக வந்தான். நான் எழுந்திருக்கவில்லை. அவன் கையைத் தூக்கப் போகிறான் என்று உடம்பை இறுக்கிக்கொண்டேன். அவன் எனக்கு மறுபக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான், நாற்காலி வரிசை ஒருமுறை ஆடி நின்றது. கையைத் தூக்கவில்லை, மடியில் வைத்துக்கொண்டான். உள்ள கொண்டுபோய் எவ்வளவு நேரமாச்சு அண்ணே என்று கேட்டான், அவன் குரல்தானா அது, அவ்வளவு மெதுவாக. காலைலயே என்றேன். ஏதாவது சாப்பிட்டியளா. இல்ல. நீ. நானும் இல்ல. அவ்வளவுதான், இத்தனை வருஷத்துக்குப் பிறகு நாங்கள் பேசிக்கொண்டது. பிறகு அவன் தரையைப் பார்த்தபடியே சொன்னான், ரூத் கோயில்லதான் இருக்கா, எங்க சபைப் பொம்பளைங்க எல்லாரும் காலைலேயே எழும்பி அங்க போய்ட்டாவ. ரூத் அவன் மனைவி. எந்தக் கோயில்ல என்று கேட்டேன். நம்ம கோயில்லதான் என்றான். நம்ம என்று சொன்னதை அவன் கவனித்த மாதிரித் தெரியவில்லை. தங்கபுஷ்பத்தின் போனில் பின்னால் கேட்ட குரல்களை நினைத்துப் பார்த்தேன், அதில் ரூத்தின் குரல் எது என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. அந்த வாசற்படியை மிதிக்க மாட்டோம் என்று இருந்தவர்கள், இவர்களைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டவர்கள், எல்லோரும் ஒரே பாயில் முழங்கால் போட்டிருக்கிறார்கள், ஒருத்திக்காக. அவள் இதைப் பார்க்க வேண்டும். பார்த்தால், வயிறு காயாம எழும்பிப் போய்ச் சாப்பிடுங்கட்டி என்று விரட்டுவாள்.

நீ ஜெபம் பண்ணு டே என்று நானே கேட்டுவிட்டேன், கேட்பேன் என்று நினைக்கவில்லை. சத்தமாப் பண்ணினாலும் பரவாயில்லை என்றேன். மனுவேல் தலையை ஆட்டினான். வரமாட்டேங்குது அண்ணே என்றான். பஸ்ஸுல ஏறி உட்கார்ந்து வாயைத் தொறந்தேன், அழுகைதான் வந்துச்சு, எத்தனையோ பேர் தலையில கைய வச்சிருக்கேன், மைனிக்குன்னு நினைச்ச உடனே எல்லாம் அடைச்சிப்போச்சு, நீங்க சொல்லுங்க, நான் கூடச் சொல்லுதேன். எனக்குச் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது, சிரிப்பு இல்லை. எனக்கும் பரமண்டல ஜெபமே பாதியில நிக்குது என்றேன். எந்த இடத்துல என்று அவன் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்தான், தெரிந்துகொண்டான். அந்த ஒரு வரிய நான் சொல்லுதேன், மத்தத நீங்க சொல்லுங்க என்றான். உனக்குப் பயமா இல்லையா. பயமாத்தான் இருக்கு, நான் மைனியக் கொண்டுபோம்னா சொல்லப் போறேன், அவர் மனசு நல்ல மனசுன்னு சொல்லப் போறேன், அது அப்படித்தானான்னு இன்னைக்கு எனக்கும் தெரியல, தெரியாமத்தான் சொல்லணும் என்றான். நான் தொடங்கினேன். எனக்கே கேட்காத குரலில் பிதாவைக் கூப்பிட்டேன், நாமம், ராஜ்யம், அந்த இடம் வந்ததும் நின்றேன். மனுவேல் அந்த வரியைச் சொன்னான், இரையவில்லை, தெரு கேட்கச் சொல்லவில்லை, கல்லைத் தூக்குகிறவன் மாதிரி ஒவ்வொரு சொல்லாகத் தூக்கி வைத்தான். பிறகு அன்றாட அப்பத்தைக் கேட்கிற வரிக்கு நான் வந்து சேர்ந்துகொண்டேன். அடுத்தது, மற்றவர்களுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல எங்களுக்கும் மன்னியும் என்று கேட்கிற இடம், அது வரும் என்று நான் யோசிக்கவே இல்லை, தப்பிக்க வழியில்லை, இரண்டு பேரும் சேர்ந்தே சொன்னோம், அவன் குரல் அங்கே இறங்கிப்போயிற்று, என்னுடையதும். ஆமென் சொன்ன பிறகு, இசக்கிமுத்துவையும் காப்பாத்தும் என்று சேர்த்தேன். பக்கத்துப் பெண் நிமிர்ந்து பார்த்தாள், வாய்க்குள் என்னவோ சொல்லிக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஒன்றும் மாறவில்லை. பயம் அப்படியேதான் இருந்தது, நாற்காலி ஆடினால் நெஞ்சு விழத்தான் செய்தது. இதுவரைக்கும் நான் மட்டும் அதைத் தூக்கிக்கொண்டிருந்தேன், இப்போது மறுமுனையை இன்னொருவன் பிடித்திருந்தான், அவ்வளவுதான்.

கதவு திறந்து அந்த ஆள் சுகிர்தத்துக்கு வேண்டியவங்க யாரு என்று கேட்டபோது இரண்டு பேரும் ஒன்றாக எழுந்தோம். டாக்டரம்மா முகமூடியைக் கழுத்துக்கு இறக்கியிருந்தாள், அவள் முகத்தைப் படிக்கப் பார்த்தேன், களைப்பைத் தவிர வேறு எதுவும் எழுதியிருக்கவில்லை. ரத்தக்கட்டியை எடுத்துட்டோம், உயிர் இருக்கு, மூச்சு மிஷின்ல ஓடுது, இதுக்கு மேல அவங்களா திரும்பி வரணும்யா, வரலாம், வராமலும் போகலாம் என்றாள். எப்ப தெரியும் என்று மனுவேல் கேட்டான். எங்களுக்கும் தெரியாது, உள்ள வந்து கூப்பிட்டுப் பாருங்க, சில பேருக்குக் குரல் கேக்கும் என்றாள். செருப்பைக் கழற்றிவிட்டு, அவர்கள் கொடுத்த பச்சை அங்கியைப் போட்டுக்கொண்டு உள்ளே போனோம். மொட்டைத் தலையில் கட்டு, வாய்க்குள் குழாய், முகம் ஒரு பக்கம் வீங்கிக் கிடந்தது. இவளா என்று ஒரு கணம் நின்றேன். பிறகு கன்னத்து மச்சத்தைக் கண்டேன். கால் மூடியிருந்தது, யாரோ மூடியிருக்கிறார்கள், அந்த யாரோவுக்கு ஆண்டவர் நல்லது செய்யட்டும். ஏளா என்றேன். மிஷின் சத்தம் மட்டும். ஏளா, நான்தான், ஜன்னலைச் சாத்தியாச்சு என்றேன், ஏன் அதைச் சொன்னேன் என்று தெரியவில்லை. மைனி, மனுவேல் வந்திருக்கேன் என்று அவன் கால்மாட்டில் நின்று கூப்பிட்டான், அண்ணனும் நானும் ஒண்ணாத்தான் வந்திருக்கோம் மைனி என்றான். நான் கூப்பிட்டேன், அவன் கூப்பிட்டான், மாறி மாறிக் கூப்பிட்டோம். நான் அவள் கண்ணிமையையே பார்த்துக்கொண்டிருந்தேன், அது அசையவில்லை. போதும், வெளியே போங்க என்று நர்ஸ் சொன்னாள். வாசலுக்கு வந்ததும் மனுவேல் என் முழங்கையைப் பிடித்தான். துணிக்கடியில பெருவிரல் அசைஞ்சுது அண்ணே, வலது கால், நீங்க ரெண்டாந்தடவை கூப்பிட்டப்போ. நான் பாக்கலையே டே. நான் பார்த்தேன் என்றான். நர்ஸைத் திரும்பிப் பார்த்தேன், அவள் ஏதோ ஊசியை ஏற்றிக்கொண்டிருந்தாள், அவளிடம் கேட்கலாம், கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுவாளோ என்று இருந்தது, கேட்கவில்லை. நெசமாப் பார்த்தியா என்றேன். பார்த்தேன் அண்ணே. சரி என்றேன். நான் எதையும் பார்க்கவில்லை, அவன் பார்த்தேன் என்கிறான், எனக்கு இப்போது இருப்பதெல்லாம் அது ஒன்றுதான், அதை வைத்துக்கொண்டு வெளியே வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.